ஏழாயிரத்து நூற்றுப் பதினேழு கோடிச் சொச்சம்

1987 ஜனவரி 5, திங்கள்

71171308081.

இன்று மாலை முடிந்தது. மீதி ஒன்று. ஆகவே இது பகா எண். ஏழாயிரத்து நூற்றுப் பதினேழு கோடியே பதின்மூன்று லட்சத்து எட்டாயிரத்து எண்பத்தொன்று, தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது.

சோதனை எளிது, வேலைதான் கொடுமை. இரண்டை 71171308080 தடவை எழுதிப் பெருக்கி, வந்ததை நம் எண்ணால் வகுக்க வேண்டும். எண் பகா எண்ணாக இருந்தால் மீதி கட்டாயம் ஒன்று வரும். அத்தனை தடவையும் பெருக்க வேண்டியதில்லை. வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று ஏறினால் முப்பத்தாறு படிகளில் சிகரம் தொடலாம். ஒவ்வொரு படியிலும் பதினொரு இலக்கத்தைப் பதினொரு இலக்கத்தால் பெருக்கி, மறுபடி வகுத்து, மீதியை எடுக்க வேண்டும். என்னிடம் உள்ள கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் தெரியும். கல்லூரிக்குக் கணிப்பொறி வரும் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அதனால் காகிதம், பென்சில், என் மனைவி கோமதி. அவள் இலக்கங்களை வாசிப்பாள், நான் சரிபார்ப்பேன். இரண்டுக்குச் செய்து, பிறகு மூன்றுக்கு, ஐந்துக்கு. இன்று ஏழுக்கும் முடிந்தது. தீபாவளிக்கு முன் தொடங்கிய வேலை.

சில போலி எண்கள் உண்டு. பகா எண்ணாக இல்லாமலே இந்தச் சோதனையில் ஒன்று காட்டி ஏமாற்றும். 561 அப்படி. 1105, 1729 அப்படி. எனக்கு இருபத்தேழு வயதானபோது ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் போலிக்குள்ளும் ஒரு சின்ன எண் ஒளிந்திருக்கிறது. 561-ல் மூன்று, 1105-ல் ஐந்து, 1729-ல் ஏழு. ஆகவே சின்ன எண்களால் வகுபடுவதை எல்லாம் முதலில் கழித்துவிட்டால், அதன் பிறகு இந்தச் சோதனை பொய் சொல்லாது. என் ஆய்வின் உயிர் இதுதான்.

மதுரையில் பேராசிரியர் ஹரிஹரன் அதை வாசித்தார். பாராட்டு இல்லை, திட்டும் இல்லை. கரும்பலகைக்குப் போய் இந்தப் பதினொரு இலக்கத்தை எழுதி, "இதைப் போட்டுப் பாத்துட்டு வாங்க" என்றார். வகுப்புக்கு மணி அடித்தது, போய்விட்டார். பள்ளிப் பையனுக்கு வீட்டுக் கணக்குக் கொடுப்பது மாதிரி. நான் திரும்பிப் போகவில்லை. டாக்டர் பட்டமும் வரவில்லை. என் ஆய்வைப் பிடிக்காத மனிதர் அதை மூட ஒரு வழி கண்டுபிடித்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். போன ஆடியில் இறந்துபோனார். நான் துக்கத்துக்குப் போகவில்லை.

இப்போது போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டாயிரம் வரை எதனாலும் வகுபடவில்லை. என் பகா எண் பட்டியல் அதோடு முடிகிறது. சின்ன எண் என்பதற்கு அது தாராளம்.

துறைத்தலைவர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இருவர்: இருபத்தாறு வருடம் இங்கே சுண்ணக்கட்டி தின்ற நான், ஐந்து வருடத்துக்கு முன் தூத்துக்குடியிலிருந்து பட்டத்தோடு வந்திறங்கிய டாக்டர் ஹெலன் பொன்மணி. இருவரும் கணித மன்றத்தில் ஆளுக்கொரு சனிக்கிழமை பேச வேண்டுமாம். கேட்டுவிட்டு நிர்வாகக் குழு முடிவு செய்யுமாம். இந்த வயதில் எனக்குப் பரீட்சை.

ஜனவரி 9, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்காகக் கோமதி தெருமுனையில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். துறைத்தலைவருக்குக் கல்லூரி வளாகத்தில் வீடு உண்டு. அங்கே ஆழ்குழாய்க் கிணறு.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலன்று கோமதி வாசலில் கோலம் போட்டு, கரும்புக்குக் கீழே பதினொரு இலக்கத்தையும் மாவால் எழுதிவிட்டாள். நான் பார்ப்பதற்குள் தெரு பார்த்துவிட்டது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வந்து, "மதினி, இது எந்த ஸ்டேட் லாட்டரி?" என்று கேட்டிருக்கிறாள். "எங்க வீட்டு நம்பர்" என்றாளாம் இவள். பேச்சியம்மாளின் கணவர் அதன் கடைசி மூன்று இலக்கத்துக்குச் சீட்டு வாங்கியதாகக் கேள்வி.

கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இரண்டு மாதம் இந்த எண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள். எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் அவள் மூச்சு விடும் இடம்கூட எனக்குப் பழகிவிட்டது.

ஜனவரி 21, புதன்

கல்லூரிச் செயலாளர் கனகவேல் கூப்பிட்டு அனுப்பினார். தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர். என் பேச்சு பிப்ரவரி 14, ஹெலனுடையது 21. தலைப்பு என்ன என்று கேட்டார். "ஒரு பெரிய பகா எண்" என்றேன். எவ்வளவு பெரியது என்றார். எழுதிக் காட்டினேன். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நமக்குத் தெரிஞ்சது குரோஸ் கணக்கும் பண்டல் கணக்கும்தான் ஸார். இத்தனை குச்சி நான் பிறந்ததுலேருந்து அடுக்கியிருப்பனான்னு தெரியல. இதை வேற யாரும் கண்டுபிடிக்கலையே?"

இல்லை என்றேன். நோட்டீசில் எண்ணையும் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது மன்ற வழக்கத்தை நினைவுபடுத்தினார்கள்: ஒருவர் பேச்சை மற்றவர் முன்கூட்டியே வாசிக்க வேண்டும். கட்டுரையை ஹெலனிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த மரியாதைகளை நான் நம்புவதில்லை.

ஜனவரி 28, புதன்

மாலையில் ஹெலன் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக. கோமதி காபி கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு, சோதனை முழுவதையும் கையாலேயே செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தானே செய்திருந்தால் எத்தனையோ இடத்தில் தவறியிருக்கும் என்றும், இதில் ஒரு தவறுகூட இல்லை என்றும் சொன்னார். நான் காத்திருந்தேன். இப்படி ஆரம்பிப்பவர்கள் எங்கே முடிப்பார்கள் என்று தெரியும்.

"ஸார், 2281-ஆல வகுத்துப் பாத்தீங்களா?"

பட்டியல் இரண்டாயிரத்தோடு முடிகிறது என்றும், அதற்குமேல் அவசியம் இல்லை என்பதைத்தான் கட்டுரையே சொல்கிறது என்றும் விளக்கினேன். தலையாட்டினார். மறுபடியும், "ஒரு தடவை வகுத்துப் பாருங்க ஸார். பதினாலாம் தேதிக்கு நாள் இருக்கு. நான் யார்ட்டயும் சொல்லல" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை முழுதாக எழுத வேண்டியதில்லை. பதவி யாருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற அளவில் சொன்னேன். அவர் காபியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கோமதி வாசல்வரை போனாள்.

ஜனவரி 29, வியாழன்

வகுத்துப் பார்க்கவில்லை. அவசியமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு விடைத்தாள்கள். வட்டத்தின் சமன்பாட்டை எழுதச் சொன்னால் வட்டம் வரைந்து வைத்திருக்கிறான் ஒருவன். தண்ணீர் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. தலைவலி.

"அந்தப் பிள்ளை சொன்னது என்ன ஆச்சு?" என்று கோமதி கேட்டாள். ரெண்டாயிரத்துச் சொச்சத்தை அவள் மறக்கவில்லை. இரண்டு மாதத்தில் எண்களை நினைவில் வைக்கப் பழகிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். "அப்ப ஏன் சாப்பிடலை?" என்றாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஓய்வறையில் ஹெலன் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பேசவில்லை. அவள் அமைதியில் ஒரு பெருமிதம் இருக்கிறது. என்ன பெரிய கண்டுபிடிப்பு? 2281 ஒன்றைத்தான் தடவிக் கண்டுபிடித்திருக்கிறாள். மீதியிருக்கும் 31201801 என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியுமா? அது 4561-ம் 6841-ம் என்று தெரியுமா? அரைகுறையாகப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்து புத்தி சொல்கிறார்கள்.

2281, 4561, 6841. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 2280, 4560, 6840. ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இது தானாகக் கிடைத்த எண் அல்ல. யாரோ உட்கார்ந்து கட்டிய எண். சின்ன எண் எதுவும் உள்ளே இல்லாமல் ஒரு போலியைக் கட்ட முடியும் என்று தெரிந்த ஒருவர், அதை இப்படித்தான் கட்டியிருப்பார்.

ஹரிஹரன் அன்று இன்னும் ஒன்று சொன்னார். மணி அடித்த பிறகு, வாசற்படியில் நின்று. "உங்க வயசுல நானும் இதையேதான் நெனச்சேன். போட்டுப் பாத்துட்டு வாங்க, அப்புறம் உக்காந்து பேசுவோம்." முதலில் எழுதும்போது இது விட்டுப்போயிற்று. எழுத வேண்டிய அளவுக்கு முக்கியமும் இல்லை. தப்பு என்றால் தப்பு என்று நேராகச் சொல்வதற்கென்ன? எதற்கு இந்த விளையாட்டு? அவருக்கு அதில் ஒரு சுகம் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோமதி பெட்டிகளைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். வளாக வீட்டில் கொல்லைப்புறம் பெரிது, முருங்கை வைக்கலாம் என்று பேச்சியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் பெயரைவிட எண் பெரிதாக இருக்கிறது.

ஓய்வறையில் யாரும் இல்லாதபோது ஹெலனிடம் நானே போனேன். சனிக்கிழமை என்ன கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்று நேராகக் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன் ஸார்."

ஏன் என்றேன்.

"நான் சொன்னா பதவிக்காகச் சொன்னேம்பாங்க. நீங்களே அன்னைக்கு அப்படித்தானே சொன்னீங்க. நீங்க எந்திரிச்சு சொன்னா அது கணக்கு."

நான் வகுத்துப் பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

கூட்டம் முடிந்தது. நன்றாக நடந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. செயலாளர் முன்வரிசையில் குடும்பத்தோடு. கோமதி பட்டுப்புடவையில் மூன்றாம் வரிசையில், அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஹெலன். எண்ணைப் பலகையில் எழுதினேன். சோதனையைச் சொன்னேன். மீதி ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினேன். ஆகவே பகா எண் என்று நோட்டீஸ் சொல்கிறது, நீங்களும் நம்புகிறீர்கள் என்றேன். அதற்குப் பிறகு சொல்ல நினைத்தது வேறு. பல தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் பேச்சுக்கு ஒரு வேகம் உண்டு. செயலாளர் முகம் எதிரே இருந்தது.

"நோட்டீசை நம்பி ஏமாந்துவிட்டீர்கள். இந்த எண் ஒரு போலி. உங்களை மட்டுமல்ல, பெரிய பெரிய சோதனைகளையும் ஏமாற்றக்கூடியது. இதன் முகமூடியை இன்று கழற்றப்போகிறேன்."

2281-ஆல் வகுத்தேன். பலகை முழுவதும், ஒவ்வொரு படியாக. மீதி பூஜ்யம். பிறகு 4561, 6841. கை தட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. தலைப்பே ஒரு பொறி என்று எல்லோரும் ரசித்தார்கள். எல்லாப் போலிக்குள்ளும் சின்ன எண் இருக்கும் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் எப்படி ஏமாந்துபோவார் என்றும் விளக்கினேன். அந்த ஒருவர் யார் என்று சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

2281 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹெலனும் கை தட்டினார். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டபோது இல்லை என்று தலையசைத்தார். செயலாளர் என் தோளைப் பிடித்து, "ஊரையே ஏமாத்துற நம்பரை நம்ம காலேஜ்ல பிடிச்சுட்டோம்லா!" என்றார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கோமதி வரவில்லை. ஹெலனோடு நடந்து வந்தாள். மூன்று கிலோமீட்டர், பட்டுப்புடவையோடு.

பிப்ரவரி 17, செவ்வாய்

சமையல் வழக்கம்போல. பேச்சு மட்டும் இல்லை.

பிப்ரவரி 21, சனி

ஹெலனின் பேச்சு. பலகையில் மறுபடியும் என் எண்ணை எழுதினார்.

"போன வாரம் ஆவுடையப்பன் ஸார் இந்த எண்ணைப் பிரிச்சுக் காட்டினாங்க. இதுக்காக ரெண்டு மாசம் கையால கணக்குப் போட்டிருக்காங்க. அந்தத் தாள்களை நான் பாத்திருக்கேன். அவங்க நிறுத்தின இடத்துலேருந்து ஆரம்பிக்கிறேன்."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

பிறகு கட்டும் முறையைச் சொன்னார். ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள். அதன் ஆறு மடங்கோடு ஒன்று, பன்னிரண்டு மடங்கோடு ஒன்று, பதினெட்டு மடங்கோடு ஒன்று. மூன்றும் பகா எண்ணாக அமைந்தால், அவற்றின் பெருக்கல் எப்போதும் போலி. ஒன்றை எடுத்தால் 7, 13, 19, பெருக்கினால் 1729. 380-ஐ எடுத்தால் நம்முடையது. ஒரு எண் அந்தச் சாதியா என்று சந்தேகம் வந்தால், 1296-ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார். பலகையின் ஓரத்தில் இரண்டே வரியில் செய்து காட்டினார். 380 வந்தது.

இரண்டு வரி. ஆக, அன்று என் வீட்டுக்கு வரும்போதே மூன்று எண்ணும் அவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் உண்டா என்ற கேள்வியோடு முடித்தார். யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார். கைதட்டல் குறைவு. செயலாளர் பாதியில் போய்விட்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் நான் துறைத்தலைவர். அனுபவமும், "பொதுமக்களுக்கும் விளங்கும்படி கணிதத்தை எடுத்துரைக்கும் ஆற்றலும்" காரணமாம்.

உறையைக் கோமதியிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் பிள்ளை பேரை ஏன் சொல்லலை?"

பேச்சின் ஓட்டத்தில் இடம் கிடைக்கவில்லை என்றேன்.

"நான் மூணாவது வரிசைல இருந்தேன். எப்ப சொல்வீங்க, எப்ப சொல்வீங்கன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். அவ பக்கம் திரும்பவே முடியலை."

அதன் பிறகு தேங்காய் துருவப் போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஹெலன் வீட்டுக்குப் போனேன். கோமதி சொன்னதற்காக அல்ல. ஒரே துறையில் வேலை செய்ய வேண்டியவர்கள், மனத்தாங்கல் இருக்கக்கூடாது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு, செயலாளரிடம் போய் 2281-ஐச் சொன்னது நீங்கள்தான் என்று தெரிவித்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். யோசிப்பதாகத்தான் சொன்னேன்.

வேண்டாம் என்றார். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கேட்டிருந்தாராம், இடம் கிடைத்துவிட்டதாம். ஏப்ரலோடு போகிறார். பதவி கிடைக்காத வருத்தமா என்று கேட்டேன்.

"அது கெடச்சிருந்தா அம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க. எனக்கு அது இல்ல ஸார். அஞ்சு வருஷமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன். டி.ஏ. பேசுவாங்க, இன்க்ரிமென்ட் பேசுவாங்க. உங்க கட்டுரையை வாசிச்ச அன்னைக்குத்தான், இங்க கணக்கைப் பத்திப் பேச ஒரு ஆள் இருக்காருன்னு தெரிஞ்சுது. தப்பா இருந்தா என்ன? இவ்வளவு அழகான தப்பு. அதனாலதான் ஓடி வந்தேன். நீங்க வகுத்துப் பாத்த அன்னைக்கு எங்கிட்ட வந்து, ஆமா ஹெலன், போகுதுன்னு சொல்வீங்கன்னு இருந்தேன். பேர் எனக்கு எதுக்கு? உக்காந்து பேசியிருக்கலாம்."

அவர் அம்மா முறுக்கு கொண்டு வந்தார். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் மங்கம்மா சத்திரம் பக்கம் நின்றுவிட்டது. பிளக்கைத் துடைத்துப் போட்டும் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு வந்தேன்.

மே 30, சனி

வளாக வீட்டுக்கு மாறினோம். கோமதியும் மறுக்காமல் வந்துவிட்டாள். முருங்கைக் கம்பு நட்டிருக்கிறாள். தேவையானதைப் பேசுகிறாள்.

ஜூன் 22, திங்கள்

கல்லூரி திறந்தது. புதிய அறையில் முதல் நாள். சுழலும் நாற்காலி. காலையில் மாலை போட்டார்கள், மதியத்துக்குள் வாடிவிட்டது.

விடுமுறையில் ஹெலன் சொன்ன முறையை எடுத்து 380-க்கு மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு எண் பகா எண்ணாக இருக்கும், மற்றது கெடுத்துவிடும். இரண்டு அமையும், மூன்றாவது கெடுத்துவிடும். இன்று மதியம் 426-ல் அமைந்தது. 2557, 5113, 7669. மூன்றும் பகா எண்கள். பெருக்கினால் 100264053529. பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் வேறு எதுவும் இல்லை. 380-க்கு அடுத்தது 426-தான். ஏன் அவ்வளவு இடைவெளி என்பதற்கு எனக்கு ஒரு ஊகம்கூட இருக்கிறது. சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து ஓய்வறை வரைக்கும் போய்விட்டேன். நான்கு பேர் இருந்தார்கள். டி.ஏ. பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். என்ன ஸார் என்றார்கள். ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்றேன்.